குடத்தில் நின்ற பெயர்கள்

குழந்தை பிறந்து 12 நாட்கள் கடந்தபின், குழந்தைக்கும் பெற்றோருக்கும் உகந்த ஒரு நாளில் பெயர் சூட்ட வேண்டும் என்பது ஆதிபுராணம் வகுத்த விதி. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், ஆசாரிய ஜினசேனர் இயற்றிய அந்நூலின் 38ஆம் பர்வத்தில் இல்லறத்தார் தொடங்கி முத்திநிலை வரையிலான 53 கிரியைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஏழாவது நாமகர்மம். பரத சக்கரவர்த்தி எடுத்துரைப்பதாக அமைந்த அப்பகுதி, பெயரைத் தேர்வதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. குலம் தழைக்கத் தக்க நல்ல பெயர் ஒன்றைப் பெற்றோரே சூட்டலாம். அல்லது ஜினபகவானின் 1008 திருநாமங்களையும் தனித்தனி நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, அவற்றுள் ஒன்றை எடுத்து அதனையே குழந்தைக்கு வைக்கலாம். இரண்டாவது முறைக்குக் கடபத்திர விதானம் என்று பெயர். கடம் என்பது குடம். பத்திரம் என்பது இலை, ஓலை.

சோழநாட்டில் வாழ்வோருக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆதிபுராணத்தின் குடத்திற்கும் உத்தரமேரூர்க் குடத்திற்கும் நேரான தொடர்பு இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரு நூற்றாண்டுகளில், ஒருவர் விருப்பு வெறுப்புக்கு இடங்கொடுக்காமல் பெயர் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய இரு இடங்களில், குடமும் ஓலையும் பயன்பட்டன என்பதே கருதத்தக்கது.

பெயர் வைப்பதில் விருப்பு வெறுப்பு எவ்வளவு என்பதை எந்தக் குடும்பமும் அறியும். தந்தைவழிப் பாட்டன் பெயரா, தாய்வழிப் பாட்டன் பெயரா என்பதில் தொடங்கும் பேச்சு, சில வீடுகளில் சம்பந்திகளின் மனத்தாங்கலில் முடிந்திருக்கிறது. குடத்திலிருந்து எடுத்த பெயரில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அக்குடத்தில் உள்ள ஒவ்வோர் ஓலையும் ஒருவருடைய பெயரே. விருஷபர், சுயம்பு, சம்பவர் என எதை எடுத்தாலும் அது ஜினருடைய திருநாமம். எடுபடாத 1007 பெயர்களும் வேண்டாம் என ஒதுக்கப்பட்டவை அல்ல. அதே நூலின் 40ஆம் பர்வத்தில் வரும் நாமகர்ம மந்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. ஒரு பெயரைச் சூட்டிய கையோடு, ஆயிரத்தெட்டு நாமங்களுக்கும் உரியவனாகும் பேற்றை இக்குழந்தை அடைக என்று அவை வாழ்த்துகின்றன. குழந்தைக்குக் கிடைக்காமற்போன பெயர்களையெல்லாம் வாழ்த்தாக்கி அதன் தலையிலேயே வைத்துவிடும் இந்தச் சடங்குக்கு இணையாக வேறொன்றைக் காண்பது அரிது.

தீர்த்தங்கரர்களின் பெயர்களுக்குக் காரணம் கூறும் வழக்கமும் புராணங்களில் உண்டு. உலகிற்குத் தரும மழை பொழிவார் என்பதால் இந்திரன் முதல் தீர்த்தங்கரரை விருஷபர் என்று அழைத்தான் என்பது ஆதிபுராணச் செய்தி. கருவில் வந்த நாள்முதல் அரண்மனையில் வளம் பெருகியதால் கடைசித் தீர்த்தங்கரர் வர்த்தமானர் ஆனார் என்பது பொதுவழக்கு. அவருக்கோ ஒரு பெயர் போதவில்லை. சஞ்சயர், விஜயர் என்னும் இரு சாரண முனிவர்கள் குழந்தையைக் கண்ட அளவிலேயே தங்கள் ஐயம் நீங்கிச் சன்மதி என்றனர். சங்கமன் என்னும் தேவன் பாம்பு வடிவில் வந்து அச்சுறுத்தியும் அஞ்சாமையால் மகாவீரர் என்றனர். வீரர், அதிவீரர் என்ற பெயர்களும் வழங்கின. பிறந்தபோது வைத்த பெயர் வர்த்தமானர். உலகில் நிலைத்த பெயர் மகாவீரர். தமிழ்ச் சமணர் இல்லங்களில் மட்டும் வர்த்தமானன் என்ற பெயரே பிள்ளைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்பட்டு வந்திருக்கிறது. பெற்றோர் இட்ட பெயரைப் பெற்றோரே போற்றுவது இயல்புதான்.

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் நடந்த பெயர்சூட்டு விழா ஒன்றைச் சிலப்பதிகாரம் பதிவு செய்திருக்கிறது. மதுரையின் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன், பழைய நிகழ்ச்சி ஒன்றை அடைக்கலக் காதையில் நினைவூட்டுகிறான். மாதவி பெண்மகவு ஈன்றபோது, குழந்தைக்கு நல்ல பெயர் இட வேண்டும் என்று முதிய கணிகையர் பேசினர். கோவலன் தன் முன்னோன் ஒருவனை நினைத்தான். நடுக்கடலில் கலம் உடைந்து தவித்த அவனைக் காத்த தெய்வம் மணிமேகலை. அத்தெய்வத்தின் பெயரையே இடுக என்றான். கணிகையர் ஆயிரவர் மணிமேகலை என்று வாழ்த்தினர். அவ்விழாவில் தானம் பெற வந்த முதிய அந்தணன் ஒருவனை மதயானை பற்ற, கோவலன் பாய்ந்து அவனை மீட்டான் என்பதும் அங்கேயே வருகிறது.

இந்தச் செய்தியில் சொல்லப்படாத ஒரு பெயர் உண்டு. கணிகையர் குலத்தில் உரிமை பெண்வழியே செல்லும். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடும் பழக்கத்தைக் கொண்டு பார்த்தால், அக்குழந்தை சித்திராபதி ஆகியிருக்கக்கூடும். மாதவியின் தாய்க்கு அதுதானே பெயர். கோவலன் ஒரே சொல்லால் குழந்தையைத் தாய்க்குலத்திலிருந்து பிரித்துத் தன் வணிகக் குலத்தின் தெய்வத்தோடு இணைத்துவிட்டான். பிற்காலத்தில் சித்திராபதி தன் பேத்தியைக் குலத்தொழிலுக்கு இழுக்க எவ்வளவு முயன்றும் முடியவில்லை. அப்பெயருக்குரிய தெய்வம் அவளை மணிபல்லவத்திற்கு எடுத்துச் சென்றது என்பது மணிமேகலைக் காப்பியத்தின் கதை. அவள் பௌத்தத் துறவியானவள். ஆயினும் அவள் பெயர் பிறந்த கதையைச் சொன்னவர், சமணர் என்று மரபு போற்றும் இளங்கோவடிகள்.

பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பேரன், பேத்தி என மருவின. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். இம்முறையின் பழமைக்குக் காவிரிக் கரையிலேயே சான்று இருக்கிறது. கரூரை அடுத்த புகழூரின் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் சமண முனிவருக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த கல்வெட்டில் சேரர் மூன்று தலைமுறையினர் வருகின்றனர். தந்தை பெருங்கடுங்கோன், மகன் இளங்கடுங்கோ. ஒரே பெயர் முன்னொட்டு மட்டும் மாறி அடுத்த தலைமுறைக்குச் சென்றிருக்கிறது. தஞ்சைச் சோழர் குடும்பத்திலும் இதைக் காணலாம். இராசராசனின் தமக்கை குந்தவை. இராசராசனின் மகளும் குந்தவை. அத்தையின் பெயர் மருமகளுக்கு வந்தது. அந்த அத்தைதான் தாதாபுரத்திலும் போளூரை அடுத்த திருமலையிலும் குந்தவை ஜினாலயம் என்று வழங்கும் கோயில்களை எடுப்பித்தவர். ஒரு பெண்ணின் பெயர் ஜினாலயத்தின் பெயராகவும் நின்றது இதனால்தான்.

பாட்டன் பெயரை வைப்பதில் ஒரு இடர்ப்பாடும் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அக்கால ஒழுக்கம். மாமனாரின் பெயரைத் தாங்கிய தன் பிள்ளையை அவள் எப்படி அழைப்பாள்? ராஜா என்றும், தம்பி என்றும், சின்னவன் என்றும் அழைத்தாள். சடங்கில் சூட்டிய பெயர் ஒருபுறம் இருக்க, அழைக்கும் பெயரே நாளடைவில் ஊர்ப்பெயராகி நிலைத்த வீடுகள் பல. சின்னத்தம்பி என்ற பெயர் தமிழ்ச் சமணரிடையே முதிர்ந்த பெரியவர்களுக்கும் வழங்கியதன் பின்னணியில் இவ்வழக்கமும் இருந்திருக்க வேண்டும்.

அழைக்கும் பெயர் வைத்த பெயரை வென்றதற்குத் தமிழ் வரலாற்றில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு காவிரிப் படுகையைச் சேர்ந்ததே. அதில் தமிழ்ச் சமணருக்கும் பங்கு உண்டு.

1855ஆம் ஆண்டு பிறந்த உத்தமதானபுரத்து இளைஞர் ஒருவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1871ஆம் ஆண்டு அவர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். வேங்கடராமன் என்று அழைக்க ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டார். சாமா என்பார்கள் என்று மாணவர் கூறினார். சாமா என்பது சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று அறிந்ததும் ஆசிரியர் அப்பெயரையே கைக்கொண்டார். அன்றுமுதல் வேங்கடராமன் மறைந்தார்; சாமிநாதையர் தோன்றினார். ஆசிரியர் அவ்வாறு கேளாமல் விட்டிருந்தால் சங்க இலக்கியப் பதிப்புகளின் முகப்பில் வேங்கடராமையர் என்ற பெயர் இருந்திருக்கும்.

1880ஆம் ஆண்டு சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கேள்வி அவர் வாழ்வைத் திருப்பியது. ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகளைச் சொல்லித்தர சைவ மடங்களில் ஆள் இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். ஒருநாள் ஒரு சமணர் இல்லத்தில் பண்டிகை போன்ற அலங்காரத்தைக் கண்டு காரணம் கேட்டபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாள் அது என்று அறிந்து வியந்தார். தமிழ்நாட்டுப் புலவர் உலகம் மறந்திருந்த காப்பியம், கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் பாராயண நூலாக உயிரோடு இருந்தது. 1887ஆம் ஆண்டு அச்சில் வந்த சிந்தாமணிப் பதிப்புக்கு இவ்வில்லங்கள் அளித்த விளக்கம் உரம் சேர்த்தது.

அவ்விருவர் பெயர்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கும்பகோணம் ஜினாலயத்தின் மூலவர் எட்டாம் தீர்த்தங்கரரான சந்திரப்பிரபர். சந்திரநாதர் என்பதும் அவரையே குறிக்கும். ஊர்க்கோயில் பகவானின் பெயரையே செட்டியாரின் பெயரும் சுட்டுகிறது. அப்பாசாமி என்ற பெயரோ எந்த இந்துக் குடும்பத்திலும் இருக்கக்கூடியது. நயினார் என்ற சொல்லும் வீடூர் என்ற ஊரும் சேர்ந்தபோதுதான் அவர் யார் என்பது தெளிவாகிறது. ஒரு பெயர் தானே சமயத்தைச் சொல்கிறது. மற்றொன்றுக்கு ஊரும் பட்டமும் துணைவர வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சமணர் பெயர் வரலாறு முழுவதும் இவ்விரு வகைக்கும் இடையே ஓடுகிறது.

மல்லிநாதன், நேமிநாதன், பார்சுவநாதன், அனந்தநாதன், பாகுபலி, ஜீவந்தர் ஆகியவை முதல் வகை. மன்னார்குடி ஜினாலயத்தில் மல்லிநாதர் எழுந்தருளியிருப்பதால் அப்பெயரைக் கேட்டதும் அவ்வூர் நினைவுக்கு வரும். அப்பாண்டைராஜன் என்றால் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டைப் பார்சுவநாதர் நினைவுக்கு வருவார். அவரை அங்கு அப்பாண்டைநாதர் என்றே வழிபடுகின்றனர். இரண்டாம் வகை நுட்பமானது. பரதன் என்றால் பக்கத்து வீட்டார் இராமனின் தம்பியை நினைப்பர். வைத்தவரோ விருஷபதேவரின் தலைமகனை நினைத்து வைத்திருப்பார். சுந்தரி என்பது அம்மன் பெயராகக் கேட்கும். அது பாகுபலியின் தங்கை பெயர். பத்மாவதி என்றால் ஊரார்க்குத் திருச்சானூர்த் தாயார். சமணர்க்குப் பார்சுவநாதரின் யட்சி. கும்பகோணம் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்து, தமிழ்ச் சமண இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிப் புகழ்பெற்ற பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் பெயரைப் பட்டம் நீக்கிப் படிப்போர் அவரை வங்காளத்தவர் என்றோ வைணவர் என்றோ எண்ணக்கூடும். பன்னிரு சக்கரவர்த்திகளைப் புராணத்தில் படித்து வளர்ந்த குடும்பத்திற்கு அது வெளிப்படையான சமணப் பெயர்.

இதனை மறைப்பு என்று சொல்வது சரியன்று. ஒரே தெருவில், ஒரே மொழி பேசி, ஒரே வாய்க்கால் நீரில் பயிர் செய்து பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்களின் பெயர்கள் கலந்திருப்பதே இயற்கை. ஆனால் எண்ணிக்கையை நினைவில் கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் மொத்தம் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடக்கம். காவிரிப் படுகையில் தஞ்சைக் கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி எனச் சில ஊர்களின் கோயில்களைச் சுற்றியே தமிழ்ச் சமணர் வாழ்வு அமைந்துள்ளது. உடையாலும் பேச்சாலும் வேறுபடாத சிறு சமூகத்திற்குப் பெயர் ஓர் அடையாளமாக நிற்கிறது. பட்டப்பெயர்களை விடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பரவி நயினார் என்பதும் பலர் பெயரிலிருந்து நீங்கியபின், அந்தச் சுமை முழுவதும் முதற்பெயரின் மீதே விழுந்திருக்கிறது.

காப்பியத் தலைவன் சீவகனின் பெயரும் பெற்றோர் எண்ணி வைத்ததன்று. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் கட்டியங்காரனால் கொல்லப்பட, கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்கி அங்கேயே மகனைப் பெற்றாள். அரண்மனை இல்லை, நிமித்திகர் இல்லை, பெயர்சூட்டு விழாவும் இல்லை. துயரத்தின் நடுவே அவள் மகனைச் சிந்தாமணியே என்று அழைத்தாள். தன் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் அம்மகவை எடுத்தபோது குழந்தை தும்மியது. சீவ, அதாவது வாழ்க, என்ற வாழ்த்தொலி எழுந்தது. அதுவே பெயராகிச் சீவகன் ஆயிற்று. தாய் இட்ட பெயரை ஊர் அறியவில்லை. ஆயினும் திருத்தக்கதேவரின் நூலுக்குச் சீவகசிந்தாமணி என்று பெயர் வழங்குகிறது. ஊர் வைத்த பெயர் முன்னும் தாய் அழைத்த பெயர் பின்னுமாக இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. கந்துக்கடன் தன் இறந்த பிள்ளைக்கு எண்ணி வைத்திருந்த பெயர் ஒன்று இருந்திருக்குமானால், அது அச்சுடுகாட்டிலேயே புதைந்தது.

பிள்ளைகள் தங்காத வீட்டின் அச்சத்தை வயல்நாட்டு மக்களும் அறிவர். முன் பிறந்தவை இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டனர். பிச்சை என்றும் வைத்தனர். வேறொருத்தியிடம் கொடுத்துத் தவிட்டுக்கு விலைபேசித் திரும்ப வாங்கிய பிள்ளைகளும் உண்டு. நெல் விளையும் நாட்டில் எல்லாவற்றிலும் மலிவானது தவிடு. விலையற்ற பிள்ளை என்று எண்ணி எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. இப்பெயர்களுக்குப் பின்னால் எண்ணி வைத்து, சொல்ல அஞ்சி விட்ட அழகிய பெயர் ஒன்று இருந்திருக்கும். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பெண் போதும் என்ற அலுப்பில் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்த பெயர்களை இவற்றோடு சேர்க்க முடியாது. குப்பன் என்ற பெயரில் பிள்ளை வாழ வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. வேண்டாம் என்ற பெயரில் அது இல்லை. அப்பெயரைத் தாங்கிய பெண் பள்ளியிலும் பணியிடத்திலும் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லியே தன்னை அறிவிக்க வேண்டியிருந்தது. மகள் பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்த தந்தையாக விருஷபதேவரை வழிபடும் சமூகத்தில் இத்தகைய பெயருக்கு இடமே இருக்கக்கூடாது.

20ஆம் நூற்றாண்டில் பெயர் பற்றிய வேறொரு கேள்வி எழுந்தது. 1911ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. சுவாமி வேதாசலம் 1916ஆம் ஆண்டளவில் தம் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். வடமொழிப் பெயர்களை விடுத்துத் தமிழ்ப் பெயர் சூட்டும் ஆர்வம் தஞ்சை மண்ணில் வேரூன்றியது. கரந்தையிலேயே ஆதீஸ்வரர் ஜினாலயமும் இருக்கிறது. தீர்த்தங்கரர் பெயர்கள் இருபத்துநான்கும் வடசொல்; தமிழ்ப்பற்று மிக்க சமணக் குடும்பம் என்ன செய்வது? பிள்ளைக்குத் தமிழில் பெயரிட்டால் சமயம் தெரியாது. சமயம் தெரியப் பெயரிட்டால் தமிழ் இல்லை என்ற தயக்கம் பல வீடுகளில் எழுந்திருக்கும்.

அந்தத் தயக்கத்திற்குத் தேவையே இருந்ததில்லை. விடை திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் முதற்பகுதி தேவப்பெயர்த் தொகுதி. அதில் முதலிடம் அருகனின் பெயர்களுக்கு. எண்குணன், அறவாழிவேந்தன், பூமிசை நடந்தோன் என்னும் பொருள் தரும் பெயர்கள் எனத் தூய தமிழில் அருகனைக் குறிக்கும் சொற்களை நிகண்டுகள் தொகுத்து வைத்துள்ளன. அக்காலத்தில் நிகண்டு மனப்பாடம் செய்யாத மாணவன் இல்லை. சைவச் சிறுவரும் வைணவச் சிறுவரும் அருகனின் பெயர்களை ஓதித்தான் தமிழ் கற்றனர். அறவாழி என்ற பெயர் இன்றும் தமிழ்நாட்டில் வழங்குகிறது. அதை வைத்தவர்களுள் எத்தனை பேர் அது தரும சக்கரத்தைக் குறிக்கும் என்றும், அதனை உடையவர் அருகர் என்றும் எண்ணி வைத்தனரோ? ஆதிபுராணம் சொன்ன வடமொழிக் குடத்திற்கு அருகிலேயே ஒரு தமிழ்க் குடமும் இருந்திருக்கிறது. அதிலிருந்து எடுத்தவர்கள் சிலரே. அருகன், எண்குணன் போன்ற பெயர்கள் பிள்ளைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்படாமற்போனது தமிழ்ச் சமணருக்கு ஓர் இழப்பு.

இன்றைய நிலை வேறு. நட்சத்திரத்திற்குரிய முதலெழுத்து, எண்கணிதக் கூட்டுத்தொகை, ஆங்கிலத்தில் எழுதினால் எத்தனை எழுத்து வரும் என்ற கணக்கு ஆகியவை பெயரைத் தீர்மானிக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் இருக்கின்றனர். தஞ்சையில் இருக்கும் தாத்தாவின் பெயர் கைப்பேசிப் பேச்சில் முன்வைக்கப்பட்டு, பழையது என்று மெல்ல ஒதுக்கப்படுகிறது. கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பத் தந்தை பெயர் உதவுகிறது. சிலர் ஜெயின் என்று சேர்த்துக்கொள்கின்றனர். அச்சொல் சமயத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால் தமிழ்ச் சமணர் என்பதைக் காட்டுவதில்லை. பெயரைப் பார்த்து வடநாட்டு வணிகர் குடும்பம் என்று எண்ணி இந்தியில் பேசத் தொடங்குவோர் உண்டு. வீடூர், தீபங்குடி போன்ற ஊர்ப்பெயரை முதலெழுத்தாகச் சுமந்த பழைய முறையில் இந்தக் குழப்பத்திற்கு வழியில்லை.

பாட்டன் பெயரை முழுதாகச் சூட்டத் தயங்குவோர்க்கும் வழிகள் உள்ளன. புகழூர்க் கல்வெட்டில் பெருங்கடுங்கோனின் மகன் இளங்கடுங்கோ ஆனதுபோல், பழைய பெயரின் ஒரு பகுதியைப் புதிய சொல்லோடு இணைக்கலாம். நேமிநாதனின் பேரன் நேமி ஆகலாம். சந்திரநாதனின் பேத்தி சந்திரப்பிரபை ஆகலாம். சடங்குப்பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் ஒன்று என்ற இரட்டை முறையும் புதிதன்று. வேங்கடராமன் சாமாவாக வளர்ந்த நாடு இது. ஆனால் இப்போது ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத்தில் எந்தப் பெயர் நிலைக்கும் என்பதை வாழ்க்கை முடிவு செய்தது. இன்று பதிவேடு முடிவு செய்கிறது.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெயரில்லாமலே பிறப்பைப் பதிய இடமளிக்கிறது. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. எனவே அதில் ஏறும் பெயர் எளிதில் மாறாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அவசரத்தில், தாய் இன்னும் தேறாத நிலையில், படிவத்தில் யாரோ எழுதிய எழுத்துப்பிழையோடு ஒரு பெயர் பதிவாவதைவிட, அக்கட்டத்தைச் சில வாரங்கள் வெறுமையாக விடுவதே மேல். ஜினசேனர் 12 நாள் பொறுக்கச் சொன்னார். சட்டம் 12 மாதம் பொறுக்கிறது. அந்த இடைவெளியில், தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பிப் பெயர் எழுதும் நாளுக்கு முன்பாக, ஜினசகஸ்ரநாமத்தை வீட்டார் கூடி ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். ஆயிரத்தெட்டு நாமங்களுக்கும் சேர்த்து அரை மணி நேரமே பிடிக்கும்.